ஆர்ஓ போட்ட பிறகும் பள்ளிக் குடிநீரில் ஈயம் பார்க்கணுமா? எந்தக் குழாயில், எப்படி?

மேல்நிலைத்தொட்டி கேட்டது:

வணக்கம். அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்காகக் கேட்கிறேன். 640 பிள்ளைகள். தண்ணீர் ஏற்பாடு இப்படி:

போர் தண்ணீர் மொட்டைமாடியில் 10,000 லிட்டர் சிமெண்ட் தொட்டிக்கு ஏறுகிறது. குடிக்க மட்டும் தனியாக மணிக்கு 500 லிட்டர் ஆர்ஓ, அதையொட்டி 1,000 லிட்டர் ஸ்டீல் தொட்டி. அங்கிருந்து ஒரு இஞ்ச் சிபிவிசி (பிளாஸ்டிக் குழாய்) மெயின், வராந்தாவில் வரிசையாக 10 குழாய், ஒவ்வொன்றுக்கும் அரை இஞ்ச் கிளை. குழாய் எல்லாம் குரோமியம் பூசிய பித்தளை. ஆபீஸ் பக்கம் ஒரு வாட்டர் கூலர். சத்துணவுக் கூடத்துக்கு ஆர்ஓ கிடையாது. மாடித் தொட்டித் தண்ணீர்தான், பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) லைன்.

ஆர்ஓ மாட்டியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து டிடிஎஸ் மீட்டரை (கரைந்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டுவது) முக்கிக் காட்டிவிட்டுப் போகிறார்கள். உள்ளே 1,350, வெளியே 60. போன வருஷம் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்த ரிப்போர்ட்டில் ஈயத்துக்கு நேரே 'பிடிஎல்' என்று இருக்கிறது. மாதிரி பிடித்தது ஆர்ஓ மெஷினின் வாயில்.

சென்ற கூட்டத்தில் ஒரு அம்மா, "குழாயிலிருந்தே ஈயம் கரையும் என்கிறார்களே, அதைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. மறுபடி பார்ப்பதென்றால் எந்தக் குழாயில், எந்த நேரத்தில், எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும்? ஆய்வகத்திடம் என்ன கேட்க வேண்டும்? அதிகமாக வந்தால் அன்றைக்கே செய்ய வேண்டியது என்ன?

---

நீர்ச்சோதனை பதில்:

அந்த அம்மா கேட்டதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மெஷின் வாயில் பிடித்த மாதிரி மெஷினைப் பற்றி மட்டும்தான் சொல்லும். பிள்ளைகள் வாய் வைக்கிற இடம் அதற்கப்புறம் எத்தனையோ அடி தள்ளி இருக்கிறது.

டிடிஎஸ் மீட்டரை இந்தப் பேச்சிலிருந்து ஒதுக்கிவிடுங்கள். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐஎஸ் 10500 (2012) படி குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 10 மைக்ரோகிராம், 10 பிபிபி (நூறு கோடியில் பத்துப் பங்கு). வேறு நீராதாரம் இல்லையென்றால் உப்புக்கும் கடினத்தன்மைக்கும் கொஞ்சம் தளர்வு தருகிற அதே தரநிலை, ஈயத்துக்குத் தளர்வே தரவில்லை. உங்கள் மீட்டர் காட்டும் மிகச் சிறிய படி 1 மில்லிகிராம். வரம்பைப் போல் பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் அதில் 60 என்பது 60 ஆகவே நிற்கும்.

நிலத்தடி நீரில் ஈயம் பொதுவாகக் குறைவு. பக்கத்தில் பழைய பேட்டரி உருக்கும் பட்டறை மாதிரி ஏதாவது இருந்தால் வேறு விஷயம். பள்ளிகளில் அது பெரும்பாலும் வழியில் சேர்வதுதான்: பித்தளைக் குழாய், பித்தளை வால்வு, கூலருக்குள் வைத்த ஈயப் பற்று (சால்டரிங்), ஜிஐ குழாயின் துத்தநாகப் பூச்சு, சூட்டில் சிதையாமலிருக்க ஈய நிலைப்படுத்தி போட்டுச் செய்த பழைய பிவிசி. பித்தளையைக் கடையும்போது சீவல் நீளமாகச் சுருளாமல் பொடிந்து விழுவதற்காக 2, 3 சதவீதம் ஈயம் சேர்ப்பார்கள். குரோமியம் வெளியழகுக்கு. தண்ணீர் தொடுகிற உள்பக்கம் வெறும் பித்தளை.

இதில் ஆர்ஓவே உபத்திரவமாகவும் முடியலாம். சவ்வு ஈயத்தைத் தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வெளியே வரும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, காரத்தன்மையும் குறைவு, பிஎச் 6 பக்கம் இறங்கியிருக்கும். அது உலோகத்தை அரிக்கும். போர் தண்ணீர் ஓடிய குழாயில் சுண்ணாம்பு படிந்து ஓரளவு மூடி வைக்கும். ஆர்ஓ தண்ணீர் அந்தப் படிவத்தையும் மெல்லக் கரைத்துக்கொண்டு போகும். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரம், தண்ணீர் எடுக்கும் இடத்தை ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாற்றியது. அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. குழாய்கள் அதே பழைய குழாய்கள்தான். தண்ணீர் மாறியதும் ஈயம் இறங்க ஆரம்பித்தது. ஆர்ஓவை மாட்டிவிட்டுப் பழைய பித்தளையை அப்படியே விடுகிற பள்ளியும் சின்ன அளவில் அதைத்தான் செய்கிறது.

இனி மாதிரி பிடிப்பது.

பாட்டில் 250 மில்லி, வாய் அகன்ற எச்டிபிஇ பிளாஸ்டிக். ஆய்வகத்திடமே வாங்குங்கள், கடை தண்ணீர் பாட்டில் வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் நீட்டினால் மறுத்துவிடுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது: அரை இஞ்ச் சிபிவிசியில் மீட்டருக்குச் சுமார் 120 மில்லி நிற்கும், அரை இஞ்ச் ஜிஐயில் சுமார் 200 மில்லி. உங்கள் கிளை ஒன்றரை மீட்டர் என்று வைத்தால் 180 மில்லி. ஆக 250 மில்லி என்பது குழாய்க்குள் நின்றதும் கிளையில் நின்றதும்தான், ஏறக்குறைய பிள்ளை காலையில் குடிக்கிற முதல் டம்ளர். ஒரு லிட்டர் பிடித்தால் மெயினிலுள்ள நல்ல தண்ணீரும் கலந்து எண் இறங்கிவிடும். ரிப்போர்ட் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

தண்ணீர் 8 மணி நேரத்துக்குக் குறையாமல், 18 மணி நேரத்தைத் தாண்டாமல் அசையாமல் நின்றிருக்க வேண்டும். மாலை 4:30க்குக் கடைசியாகத் திறந்து, மறுநாள் காலை 7:30க்குப் பிடித்தால் 15 மணி நேரம், சரியாக இருக்கும். இங்கேதான் பெரும்பாலும் கெடும். வாட்ச்மேன் விடியலில் முகம் கழுவுவார், கூட்டுகிற அம்மா வாளி பிடிப்பார், செடிக்கு ஒருவர் தண்ணீர் விடுவார். மாலையில் எல்லாக் குழாயின் வாயிலும் துணியைச் சுற்றிக் கட்டி, 'காலை வரை திறக்காதீர்' என்று அட்டை தொங்கவிடுங்கள். காலையில் முடிச்சு அவிழ்ந்திருந்தால் அந்தக் குழாயை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொரு பிழை ஆய்வக ஆளிடமிருந்தே வரும். கிருமிப் பரிசோதனைக்குப் பழகியவர்கள் குழாயை இரண்டு மூன்று நிமிஷம் திறந்துவிட்டு, வாயை நெருப்பில் காட்டி, அப்புறம்தான் பிடிப்பார்கள். கிருமிக்கு அது முறை. ஈயத்துக்கு அப்படிச் செய்தால் தேடுகிற பொருளைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு மிச்சத்தைப் பிடிப்பதாகும். குழாய் வாயில் வலை இருந்தால் கழற்றக் கூடாது, துடைக்கக் கூடாது. பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு குழாயைத் திறக்கிறீர்கள், முதல் சொட்டே உள்ளே விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வேண்டாம், பிள்ளைகள் திறக்கிற வேகத்தில்.

தொட்டிக்கு மிக அருகில் உள்ள குழாயில் ஆரம்பித்துக் கடைசிக் குழாய்க்குப் போங்கள். எல்லாக் குழாயிலும் முதல் பாட்டில் முடிந்த பிறகே இரண்டாம் சுற்று: அதே வரிசையில், ஒவ்வொன்றையும் 30 விநாடி ஓடவிட்டு இன்னொரு 250 மில்லி. நிமிஷத்துக்கு 5 லிட்டர் வருகிறது என்றால் 30 விநாடியில் இரண்டரை லிட்டர் போயிருக்கும். கிளையில் நின்றதெல்லாம் போய் மெயின் தண்ணீர் வந்திருக்கும். 10 குழாய், கூலர், சத்துணவுக் கூடக் குழாய், ஆசிரியர் அறையில் இருந்தால் அதுவும். கூடவே ஆய்வகம் தரும் வடிநீரை ஒரு பாட்டிலில் அங்கேயே ஊற்றி மூடி அனுப்புங்கள். அதில் ஈயம் வந்தால் பாட்டிலிலோ கையாண்டதிலோ கோளாறு.

ஒவ்வொரு பாட்டிலிலும் குழாய் எண், பிடித்த நேரம், முந்தின நாள் கடைசியாகத் திறந்த நேரம், 'முதல்' அல்லது '30' என்று எழுதுங்கள். குழாய்க்கு எண் இல்லையென்றால் முதலில் சுவரில் பெயிண்டால் எண் போடுங்கள். இல்லாவிட்டால் ரிப்போர்ட் வந்த பிறகு எது நாலாவது என்று சண்டை வரும்.

---

அரை_இஞ்ச் பதில்:

மேலே சொன்னவர் தண்ணீரைச் சொல்லிட்டார், நான் ஃபிட்டிங் பக்கம் சொல்றேன்.

குழாயை மட்டும் பாக்காதீங்க. சிபிவிசியிலிருந்து குழாய் மாட்டுற இடத்துல ஒரு பிராஸ் எல்போ இருக்கும், வெளியே பிளாஸ்டிக், உள்ளே மரை மட்டும் பித்தளை. ஸ்டீல் தொட்டியோட அவுட்லெட்ல பித்தளை கேட் வால்வு இருக்கும். உள்ளே மிதவை வால்வும் பல இடத்துல பித்தளைதான். ஆர்ஓ தண்ணி ராத்திரி பூரா அதுல நிக்குது.

கூலரைத் திறந்து பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ளூர்ல செஞ்ச கூலர்னா தொட்டி மூலைகள்லயும் செம்புக் குழாய் சேர்ற இடத்துலயும் மங்கலான சாம்பல் கலர்ல பத்த வெச்சது தெரியும். அது தண்ணி படுற பக்கம் இருந்தா ரிப்பேர்னு யோசிக்காதீங்க. ஆர்கான் வெல்டிங் பண்ணின 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி உள்ள கூலரா மாத்துங்க.

பள்ளிக்கூடங்கள்ல நடக்குற இன்னொரு தப்பு. குழாய்ல வெள்ளையா உப்பு படிஞ்சா பாத்ரூம் ஆசிட்ட ஊத்தித் தேய்ப்பாங்க. பளிச்சுனு ஆகும். ஆனா அது பித்தளையையும் சேர்த்துக் கடிக்கும், புது உலோகம் தண்ணிக்குத் தெரியும். குடிக்கிற குழாய்ல ஆசிட் கூடவே கூடாது. டெஸ்டுக்கு முந்தின வாரம் யாரும் அப்படித் தேய்க்கலையான்னு கேட்டுக்குங்க.

மாத்துறதுன்னா பிடிஎம்டி பிளாஸ்டிக் குழாய் போதும், ஐஎஸ்ஐ முத்திரை பாத்து வாங்குங்க. பசங்க தொங்கினா உடையும், அது ஒண்ணுதான் குறை. உடையக் கூடாதுன்னா 304 ஸ்டீல் குழாய். கடையில 'ஸ்டீல்'னு சொல்லி குரோமியம் பூசின பித்தளையைத் தலையில கட்டுவாங்க. பூச்சு இல்லாத மரைப் பக்கம் பாருங்க, மஞ்சளா இருந்தா பித்தளை. மரையில சுத்த டெஃப்லான் டேப் மட்டும். சணலைச் சுத்தி ரெட் லெட் பூசுற பழைய பழக்கம் குடிதண்ணி லைன்ல வேண்டாம், அந்தச் சிவப்பே ஈயம்தான்.

வெயில் படுற பிவிசி மாடியில இருந்தா அதையும் பாருங்க. ஈய நிலைப்படுத்திய ஒழிக்கச் சொல்லி மத்திய அரசு விதி வந்ததே 2021-லதான். அதுக்கு முன்னாடி போட்ட சாம்பல் கலர் லைன்ல எது இருக்குன்னு பாத்துச் சொல்ல முடியாது, சோதிச்சாத்தான் தெரியும்.

---

மேல்நிலைத்தொட்டி:

இருவருக்கும் மிக்க நன்றி. கூலரின் பின்பக்கம் பார்த்தோம், சாம்பல் நிறப் பற்று நிறையவே இருக்கிறது. இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கி, குழாயைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டோம்.

இரண்டு சந்தேகம். ஒன்று, போன வருஷ 'பிடிஎல்' ரிப்போர்ட்டைத் தலைமையாசிரியர் இன்னும் நம்புகிறார். இரண்டு, 12 குழாய்க்கும் இரண்டிரண்டு பாட்டில் என்றால் செலவு எங்கேயோ போகிறது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பார்க்க முடியாதா?

---

ஐசிபி_மேசை பதில்:

'பிடிஎல்' என்றால் கண்டறியும் அளவுக்குக் கீழே என்று அர்த்தம். ஈயமே இல்லை என்று அர்த்தமில்லை. யாருடைய கண், எவ்வளவு கூர்மை என்பதுதான் விஷயம். ஃப்ளேம் ஏஏஎஸ் (மாதிரியைத் தீச்சுடரில் தெளித்து உலோகத்தை அளக்கும் கருவி) கருவியில் நேரடியாக ஏற்றினால் ஈயத்தில் அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் பக்கத்தில் போய்த்தான் உருப்படியாகப் பார்க்கும். வரம்போ 0.01. அந்தக் கருவியில் 'பிடிஎல்' வந்த தண்ணீரில் வரம்பைப் போல் மூன்று மடங்கு இருந்தாலும் தெரியாது. உங்கள் ரிப்போர்ட்டில் முறை என்ற கட்டத்தையும், அடியில் கண்டறியும் அளவு என்ன என்று போட்டிருப்பதையும் பாருங்கள். எண்ணே போடவில்லை என்றால் அந்த வரியை இல்லாததாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியவை: ஈயத்தை எந்தக் கருவியில் பார்க்கிறீர்கள்? கிராஃபைட் ஃபர்னஸ் ஏஏஎஸ் அல்லது ஐசிபி-எம்எஸ் என்று பதில் வர வேண்டும், இரண்டும் மிகக் குறைந்த அளவையும் பார்க்கும் கருவிகள். அளவிடக்கூடிய குறைந்தபட்சம் எவ்வளவு? 0.001 அல்லது 0.002 மில்லிகிராம் என்று வர வேண்டும். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் குடிநீர், ஈயம் என்ற இந்த ஜோடிக்கு இருக்கிறதா? சிலரிடம் அங்கீகாரம் இருக்கும், ஆனால் கடினத்தன்மைக்கும் குளோரைடுக்கும் மட்டும். அங்கீகாரப் பட்டியல் என்ஏபிஎல் தளத்தில் ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் தனித்தனியாக இருக்கிறது, பொருள் வாரியாக.

மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் யாரும் அமிலத்தைத் தொட வேண்டாம். அமிலம் இல்லாமலே பிடித்து அனுப்புங்கள். 14 நாளுக்குள் ஆய்வகத்தில் அதே பாட்டிலுக்குள் அமிலம் சேர்த்து, குறைந்தது 16 மணி நேரம் விட்டு, அப்புறம் அளந்தால் ஒட்டியதும் திரும்பக் கரைந்துவிடும். 'அதே பாட்டிலுக்குள்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். வேறு பாட்டிலுக்கு ஊற்றி மாற்றினால் சுவரில் ஒட்டியது அங்கேயே தங்கிவிடும். வடிகட்டவும் கூடாது. துகளாக வரும் ஈயமும் வயிற்றுக்குள் போகிறதே.

செலவைப் பாதியாக்க வழி இருக்கிறது. இரண்டாம் சுற்று பாட்டில்களுக்கு அமிலம் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அமிலம் சேர்த்த மாதிரி 6 மாதம் வரை தாங்கும். முதல் பாட்டிலில் எண் ஏறிய குழாய்க்கு மட்டும் '30' பாட்டிலைச் சோதித்தால் போதும். ஐஎஸ் 10500 முழுப் பொட்டலமும் வேண்டாம், ஈயம் மட்டும் என்று கேளுங்கள். மாவட்ட ஆய்வகங்களில் வழக்கமாகப் பார்ப்பது கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு, கிருமி போன்றவை. கன உலோகம் உங்கள் மாவட்டத்தில் உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். ஊராட்சிகளுக்குக் கொடுத்திருக்கும் களப் பரிசோதனைப் பெட்டியில் ஈயம் கிடையாது. ஆன்லைனில் விற்கும் நிறம் மாறும் பட்டைகளை நம்பிக் குழாயைத் திறந்துவிடாதீர்கள்.

எண்களைப் படிக்கும் விதம், உதாரணத்துக்கு (லிட்டருக்கு மில்லிகிராமில்):

முதல் 0.034, 30 விநாடி 0.002 என்றால் கோளாறு குழாயிலோ அதையொட்டிய எல்போவிலோ. குழாயை மாற்றினால் தீரும்.
முதல் 0.018, 30 விநாடி 0.016 என்றால் மேலே எங்கோ. தொட்டி வால்வு, மெயின், போர் வரை பின்னோக்கிப் போக வேண்டும்.
முதல் 0.003, 30 விநாடி 0.015 என்றால் நடுவில் ஏதோ ஒரு வால்வோ இணைப்போ. அந்தக் குழாயில் இன்னொரு காலை, 30 விநாடியில் போகிற அளவைத் தாண்டும்வரை நிறுத்தாமல் அடுத்தடுத்து 250 மில்லி பாட்டில்களில் பிடித்து, எத்தனையாவது பாட்டிலில் எண் ஏறுகிறது என்று பார்த்தால் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

திடீரென்று ஒரே ஒரு குழாயில் மட்டும் 0.2, 0.3 என்று வந்தால் பெரும்பாலும் பற்றுத் துகளோ துருச் செதிளோ பாட்டிலில் விழுந்திருக்கும். மறுபடி பிடியுங்கள். ஆனால் இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு 'வரம்புக்குள்' என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் துகள் ஒரு பிள்ளையின் டம்ளரிலும் விழும்.

---

திங்கட்கிழமை பதில்:

18 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வெள்ளி மாலை பூட்டினால் திங்கள் காலை வரை 60 மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. முதல் பீரியட் முடிந்து ஓடிவரும் பிள்ளை அதைத்தானே குடிக்கிறது? கோடை விடுமுறை முடிந்து திறக்கும் நாளைச் சொல்லவே வேண்டாம்.

---

நீர்ச்சோதனை பதில்:

நியாயம்தான். 8 முதல் 18 மணி நேரம் என்பது ஒரு குழாயை இன்னொன்றோடும், இந்த வருஷத்தை அடுத்த வருஷத்தோடும் ஒப்பிடுவதற்காக. அதைச் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு காலையில் செய்யுங்கள். கையில் பணம் மிஞ்சினால், எண் அதிகம் வந்த இரண்டு குழாயில் மட்டும் ஒரு திங்கட்கிழமை தனியாகப் பிடித்து, 'விடுமுறைக்குப் பின்' என்று எழுதி வையுங்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். அதற்காகத் திங்கள் ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். திங்கட்கிழமைகளில் நின்ற தண்ணீரைத் திறந்துவிடுவதை இந்த வாரமே தொடங்கலாம்.

---

குழந்தைநலம் பதில்:

ரிப்போர்ட்டில் எண் வந்ததும் பெற்றோர் கேட்கப்போவது பிள்ளைகளைப் பற்றித்தான், அதனால் இது.

ஈயத்துக்கு 'இவ்வளவு வரை ஆபத்தில்லை' என்று சொல்லத்தக்க அளவு கிடையாது. 10 பிபிபி என்பது நடைமுறை வரம்பு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பள்ளிக் குழாய்களில் 1 பிபிபியைத் தாண்டக் கூடாது என்கிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சிறு குழந்தைகள் பாதி வரைகூட உறிஞ்சுவார்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளை இன்னும் அதிகம் உறிஞ்சும், வெறும் வயிற்றிலும் அப்படித்தான். ஆகவே பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிள்ளைகள் உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்று பார்ப்பதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. கவனம், படிப்பு, நடத்தையில் மெதுவாகக் காட்டும். அதை வைத்து எந்தப் பிள்ளைக்கு என்று சொல்ல முடியாது. இரத்தத்தில் பார்ப்பதென்றால் நரம்பிலிருந்து எடுத்த மாதிரி வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய ஈயமே எண்ணைக் கூட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னபடி டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். 640 பேருக்கும் ஊசி போடச் சொல்லவில்லை. குழாயில் எண் மிக அதிகமாக இருந்து, அதையே வருஷக்கணக்காகக் குடித்த வகுப்புகள், மழலையர் பிரிவு, சோகையுள்ள பிள்ளைகள் இவர்களை முதலில் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். வீட்டில் உரிந்த பழைய பெயிண்ட், கலப்பட மஞ்சள்தூள், பேட்டரி வேலை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். தண்ணீர் மட்டுமே காரணமாக இருப்பது குறைவு.

கொதிக்க வைத்தால் ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் ஈயம் கூடும். சத்துணவுக் கூடத்தை அதனால்தான் விடக் கூடாது: அரிசியும் பருப்பும் அந்தத் தண்ணீரை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

---

பருப்புச்சட்டி:

ஒரு சின்ன சந்தேகம். ஈயச் சொம்பில் ரசம் வைத்துச் சாப்பிட்டவர்கள்தானே நாம்? பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுவதே நல்லதற்குத்தானே?

---

ஐசிபி_மேசை பதில்:

பெயர் செய்கிற குழப்பம். ரசச் சொம்பும் அண்டாப் பூச்சும் வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். தமிழில் இரண்டையும் 'ஈயம்' என்று சொல்லிவிடுகிறோம். கவலைப்பட வேண்டியது, வெள்ளீயத்தில் விலை மலிவான காரீயத்தைக் கலந்து பூசினால்தான். சத்துணவுக் கூடத்தில் பூசிய பாத்திரம் இருந்தால், ஸ்டீல் வாங்கி அந்தப் பேச்சையே முடித்துவிடலாம்.

---

அரை_இஞ்ச் பதில்:

ரிப்போர்ட் வந்த அன்னைக்கு என்ன செய்யறதுன்னு கேட்டிருந்தீங்க. என் கணக்கு இதுதான்: 0.01க்கு மேல வந்த குழாயை அன்னைக்கே கழட்டி பிளக் போடுங்க. அட்டை மட்டும் மாட்டினா பசங்க குடிப்பாங்க. 0.005 முதல் 0.01 வரைன்னா அந்த மாசத்துக்குள்ள மாத்துங்க. கை கழுவ மட்டும் விடுற குழாய்னா கைப்பிடிக்குச் சிவப்பு பெயிண்ட், டம்ளர் சங்கிலியைக் கழட்டிடுங்க.

குழாயை மாத்தின உடனே டெஸ்ட் எடுக்காதீங்க. வேலை நடக்கும்போது உள்ளே ஒட்டியிருந்த செதிள் கிளம்பி வரும். வாயில இருக்குற வலையைக் கழட்டி அலசி, நல்லா ஓட விட்டு, ரெண்டு மூணு வாரம் வழக்கம்போல ஓடின பிறகு மறுபடி அதே முறையில 250 மில்லி. பித்தளையைப் பித்தளையாவே மாத்தினா எண் கூடினாலும் ஆச்சரியம் இல்லை, புதுப் பித்தளை முதல்ல அதிகமாத்தான் விடும்.

அதுவரைக்கும் தினம் காலைல திறந்து விடறது. ஒரு இஞ்ச் சிபிவிசி மீட்டருக்கு 0.43 லிட்டர். தொட்டியிலிருந்து கடைசிக் குழாய் 15 மீட்டர்னா ஆறரை லிட்டர். முதல்ல கடைசிக் குழாய்ல ஒரு குடம், 13 லிட்டர் பிடிங்க, மெயின் ரெண்டு தடவை மாறிடும். அப்புறம் மத்த ஒவ்வொண்ணையும் 30 விநாடி. பிடிச்ச தண்ணி செடிக்கோ கக்கூஸுக்கோ. கடிகாரத்தைப் பாக்கச் சொன்னா யாரும் பாக்க மாட்டாங்க, குடத்தைக் காட்டினா நிரப்புவாங்க. ஆனா இந்தத் திறந்து விடற வேலையை நம்பி பித்தளையை வருஷக்கணக்கா விட்டுடாதீங்க. ஆள் லீவு போட்டா போச்சு.

சத்துணவுக் கூடத்து ஜிஐ லைனைப் பழுது பாக்கப் பணத்தைப் போட வேண்டாம். அரிசி கழுவ, சமைக்க ஆர்ஓ தொட்டியிலிருந்து ஒரு முக்கால் இஞ்ச் சிபிவிசி தனியா இழுங்க, பாத்திரம் கழுவ ஜிஐ இருக்கட்டும். கேண்டில் ஃபில்டர், யுவி எல்லாம் கரைஞ்ச ஈயத்துக்கு உதவாது. குழாய் முனையில ஃபில்டர் மாட்டறதா இருந்தா ஈயத்துக்குன்னே என்எஸ்எஃப் 53 (அமெரிக்க ஃபில்டர் தரநிலை) சான்று இருக்கான்னு அட்டையில பாருங்க, காட்ரிட்ஜ் மாத்தின தேதியை அது மேலயே மார்க்கர்ல எழுதுங்க.

ஆர்ஓ ஆள் அடுத்த தடவை வரும்போது, சவ்வுக்கு அப்புறம் கால்சைட் காட்ரிட்ஜ் ஒண்ணு மாட்டச் சொல்லுங்க. சுண்ணாம்புக் கல்தான் அது, தண்ணி அதுல உரசி பிஎச் ஏறும். டிடிஎஸ் கொஞ்சம் கூடும், ஆர்ஓ கெட்டுப் போச்சுன்னு அவரே பயப்படுவார், சொல்லி வெச்சிருங்க.